குழாயிடம் சொன்ன கனவு

எனக்குக் கனவு வராது. தலையைப் பாயில் வைத்தால் போதும், அடுத்து நான் பார்ப்பது விடியற்காலையைத்தான். நடுவில் கூரை இடிந்து விழுந்தாலும் எனக்குத் தெரியாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பூவம்மா என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, தூக்கத்தில் நான் கருங்கல்.

என் வீட்டுக்காரர் வடிவேலு இதற்கு நேர் எதிர். ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி வேலை. கல்யாணமாகிப் பதினேழு வருடமாக, ஊர் தூங்கும்போது அவர் அடுப்பு முன்னால் நிற்பார், ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பார். காலை எட்டு மணிக்குப் படுத்தால் சாயங்காலம் நாலு மணி வரை தூக்கம். அதுவும் எங்கே? சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், மாவு மில்லுக்கு மேலே, பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில். கீழே மில் கடகடவென்று ஓடும். தெருவில் பால்காரர் மணி, தேக்கா மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிகள், யாராவது இரண்டு பேர் சண்டை. பலகைக்கு அந்தப் பக்கம் அடுத்த குடித்தனக்காரி உம்மு சல்மாவின் ரேடியோ. மில் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று அவள் அதைத் தொண்டை கிழியக் கத்த விடுவாள். இத்தனைக்கும் நடுவில் மனுஷன் தூங்குவார். தூங்கிக் கனவும் காண்பார். எழுந்ததும் ஒன்று விடாமல் சொல்லவும் செய்வார்.

அவர் கனவுக்கு எங்கள் சந்தில் தனி மரியாதை. அறுபத்தொன்றில் புக்கித் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்ததே, அன்று மத்தியானத் தூக்கத்திலிருந்து அலறி எழுந்து, "நெருப்பு, நெருப்பு, ஊரே எரியுது" என்றார். சாயங்காலம் சேதி வந்தது. அன்றிலிருந்து அவர் கனவு வடிவேலு. கோப்பிக் கடையில் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். பெண் கொடுக்கிறவர்களும் எடுக்கிறவர்களும், "அண்ணே, ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க" என்று காதில் போட்டுவிட்டுப் போவார்கள். அன்று அவர் அலறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தீயணைப்பு வண்டிகள் வரிசையாக மணியடித்துக்கொண்டு ரோட்டில் பறந்தன. நான்தான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேனே, எனக்குத் தெரியாதா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. புருஷனை நாலு பேர் மதிக்கிறார்கள். அதைக் கெடுக்க நான் என்ன பைத்தியக்காரியா?

அறுபத்தேழாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தோ பாயோவில் புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளில் எங்களுக்கு ஒன்று, எட்டாவது மாடி. அடுத்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். வராவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது நானும் சல்மாவும் பஸ் ஏறிப் போனோம். எங்கு பார்த்தாலும் செம்மண், லாரி. காவல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி மேலே ஏறினோம். நான் அறையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் வாளியோடு யாரும் நிற்கவில்லை.

உங்களுக்கு இது சாதாரணமாக இருக்கலாம். எங்கள் கட்டடத்தில் பதினோரு குடித்தனத்துக்குக் கீழே கொல்லையில் ஒரே குழாய். விடிவதற்கு முன்னால் நான் போய் வாளி வைத்தால்தான் அவர் வேலையிலிருந்து வந்து குளிக்கத் தண்ணீர் இருக்கும். பதினேழு வருடம் அந்தக் குழாய்க்கு முன்னால் நின்றே என் கால் நரம்பு சுருண்டுபோயிற்று. எட்டாவது மாடியில் அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். சல்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "இதுக்குப் போயி அழுவுறீங்களே அக்கா, சிரிங்கலா" என்றாள்.

அவரிடம் சொன்னதும், "உனக்குப் புடிச்சிருந்தா சரிதான் பூவு. போயிடுவோம்" என்றார். அவ்வளவுதான், நான் மனசுக்குள் அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் வியர்த்துக் கொட்டி எழுந்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். படியிறங்கிக் கொல்லைக்குப் போனார். திரும்பி வந்து, "அந்த வீடு வேணாம்" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"வேணாம்னா வேணாம். கனவு சரியில்ல."

"என்ன கனவு?"

"சொல்லக் கூடாது."

நான் விடுவேனா? கத்தினேன். நெருப்புக்கு முன்னால் நின்று நின்று உங்கள் மூளை வெந்துபோயிற்று என்றேன். பதினேழு வருடத்தில் உங்களிடம் புடவை கேட்டேனா, நகை கேட்டேனா, ஒரு குழாய்தானே கேட்டேன் என்றேன். அவர் வேலைக்குப் போகிற சட்டையை மாட்டிக்கொண்டார். சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கெட்ட கனவு கண்டால் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மனுஷர்கள் காதில் போடுவதற்கு முன்னால் ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். இந்த ஊரில் ஆற்றுக்கு எங்கே போவது? கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டு, குனிந்து முணுமுணுப்போம். தண்ணீருக்குச் சொன்னதை இன்னொருவர் ஒட்டுக்கேட்டால் அது பலித்துவிடும் என்றும் சொல்வார்கள். அதனால் யாராவது குழாயிடம் குனிந்தால் மற்றவர்கள் தள்ளி நிற்போம். எது கெட்டது, எது நல்லது என்பதற்கும் கணக்கு உண்டு. கனவில் கல்யாண மேளம் கேட்டால் வீட்டில் சாவு. சாவைக் கண்டால் நல்லது, செத்ததாகக் கண்ட ஆளுக்கு ஆயுசு கெட்டி.

செவ்வாய்க்கிழமையும் அவர் அதே போலத் திடுக்கிட்டு எழுந்து கீழே போனார். நான் பின்னாலேயே போனேன். தப்புதான். தள்ளி நிற்காமல் குளியலறைத் தகரக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். குழாய் ஓடியது. அவர் குரல் கேட்டது.

"எட்டாவது மாடி தாயே. பூவு கல்யாணப் புடவை கட்டி, மாலை போட்டு, கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. மேளம் கொட்டுது. கூப்புடுறேன், திரும்பிப் பாக்க மாட்டேங்குறா. குதிக்கப் போறா. ரெண்டு நாளா அதே கனவு. எனக்குப் புள்ளையா குட்டியா? அவ ஒருத்திதான். வீடு போனாப் போகுது தாயே, அவளை விட்டுரு."

அவர் மேலே போன பிறகும் நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீடு வேண்டாம் என்கிற மனுஷனைத் திட்டலாம். இதற்கு என்னவென்று திட்டுவது? என் மேல் இத்தனை உயிரை வைத்திருக்கிற ஆள் அதை என்னிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாரா? குழாயிடம் போய்ச் சொல்கிறார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. புதன்கிழமை நெத்திலியை மடியில் கொட்டிக்கொண்டு, அவர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீனுக்குத் தலை கிள்ளினேன். கட்டின புருஷன் தூங்குவதை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். முதலில் செத்தவர் மாதிரிக் கிடந்தார். பிறகு மூடிய இமைக்குள் கண் இங்கும் அங்கும் ஓடியது. தெருவில் மணி அடித்தால் உதடு அசைந்தது. காதைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறார் மனுஷன்!

இரண்டு மணி ஆயிற்று. பலகைக்கு அந்தப் பக்கம் சல்மாவின் ரேடியோவில் நாதஸ்வரம். டும் டும் என்று கெட்டிமேளம். இவர் கால் விரல்கள் இழுத்துக்கொண்டன. ரேடியோவில் ஒரு பெண், "நான் குதித்துவிடுவேன், யாரும் கிட்டே வராதீர்கள்" என்று கத்தினாள். இவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தார். என்னை வெறித்துப் பார்த்துவிட்டுக் கீழே ஓடினார்.

நான் நெத்திலிக் கையோடு சல்மா அறைக்குள் நுழைந்தேன். "என்னடி நாடகம் அது?"

அவள் முகம் மலர்ந்தது. "கேக்கலியா அக்கா? அந்தப் பொண்ணுக்குப் புடிக்காத மாப்ளய முடிக்கிறாங்க. மணவறையிலேருந்து எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போயிட்டா."

"குதிச்சாளா?"

"எங்க குதிக்கிறா? திங்கக்கிழமையிலேருந்து நின்னுகிட்டே இருக்கா! தினம் கடைசியில கத்துறா, நாடகம் முடிஞ்சிருது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சல்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லா, என் ரேடியோவா உங்க குடியக் கெடுத்துச்சு? இன்னையிலேருந்து போட மாட்டேன்."

போடாமல் இருந்தால் போதுமா? கண்ட கனவு அவர் மனசில் நிற்கிறதே. ரேடியோதான் காரணம் என்று சொல்லலாம். சொன்னால், குழாயிடம் சொன்னதை நான் ஒட்டுக்கேட்டேன் என்று தெரிந்துவிடும். அது பலித்துவிடும் என்று அவர் பயத்திலேயே உருகிப் போவார். அதோடு, இந்தக் கனவு ரேடியோ என்றால் நெருப்புக் கனவும் வண்டி மணிதான் என்று ஆகிவிடும். கோப்பிக் கடை நாற்காலி போய்விடும். வேண்டாம். கனவுதான் வீட்டைக் கெடுத்தது, கனவே அதைக் கொடுக்கட்டும்.

"சல்மா, நாளைக்கு ரெண்டு மணிக்கு ரேடியோவ நிறுத்து. நாம இங்க உக்காந்து ஒப்பாரி வெப்போம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நான் செத்த மாதிரி அவரு கனவு காணணும்."

சல்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன ஆச்சு அக்கா? உசுரோட இருக்கையில மவுத்தா?"

"எங்க கணக்குல அது ஆயுசுலா. கேள்வி கேக்காத."

வியாழக்கிழமை இரண்டு மணி. பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் அவர் தலை ஒரு முழத்தில் இருந்தது. சல்மாவுக்கு ஒப்பாரி வராது. "எங்க ஆளுங்க பாட்டா அழ மாட்டாங்க அக்கா" என்று கை விரித்துவிட்டாள். சரி, விசும்பவாவது செய் என்றேன். பிரம்புப் பெட்டியைக் கவிழ்த்து அவள் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னேன். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, என் சாவுக்கு நானே ஆரம்பித்தேன்.

"பதினோரு குடித்தனத்துக்கு ஒரே குழாய், பூவம்மா,
வாளியோட நின்னு நின்னே வாழ்நாளும் போச்சுதம்மா!"

சல்மா சிரிப்பை அடக்கப் புடவையை வாயில் திணித்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த அடியை யோசித்தேன். யோசிக்காமலே வந்தது.

"ராத்திரி வேலைக்காரன் கைப்பிடிச்சு வந்தவளே,
ராவுல உன் புருசன் முகம் பாக்காமப் போனியேம்மா!
நீ தூங்க அவன் முழிச்சான், அவன் தூங்க நீ முழிச்ச,
ஒரு பாயில் ரெண்டு பேரும் உறங்காமப் போனியேம்மா!"

இது விளையாட்டுக்குப் பாடினது இல்லை. எங்கே இருந்தது இது என் நெஞ்சுக்குள்? குரல் உடைந்துபோயிற்று. நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. சல்மா தட்டுவதை விட்டுவிட்டு நிஜமாகவே அழுதாள். என் பாட்டியும் அத்தையும் சேர்ந்து அழுதாலும் வராத அழுகையை நான் அழுதேன்.

கீழே மில் நின்றது. எங்கள் அழுகை தெருவரைக்கும் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படியில் தடதடவென்று கால் சத்தம். மில்காரர் கோவிந்தசாமி மாவு படிந்த முகத்தோடு முன்னால் நின்றார், பின்னால் ஆறேழு பேர். ஒருத்தர் கையில் ரோஜா மாலையே இருந்தது. பூக்கடைக்காரர் அவசரத்துக்கு எடுத்து வந்துவிட்டார்.

"யாரும்மா போயிட்டது?"

"யாரும் போகலண்ணே" என்றேன், முடியை அள்ளி முடிந்துகொண்டே. "ரேடியோ நாடகம். சல்மா கொஞ்சம் சத்தமா வெச்சிட்டா."

அவர்கள் ரேடியோவைப் பார்த்தார்கள். அது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோவிந்தசாமி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் எங்கள் அறைக் கதவு படாரென்று திறந்தது. என் வீட்டுக்காரர் வந்தார், பனியனும் கைலியுமாக. கண்ணெல்லாம் நீர். அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தார்.

"பூவு! உன்ன பாடையில பாத்தேன்!"

இப்படி ஒரு சேதியை இவ்வளவு சந்தோஷமாக எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்க மாட்டான்.

"மாலை போட்டு, நெத்தியில காசு வெச்சு, தெளிவாப் பாத்தேன். யாரோ அழுவுறாங்க. நூறு வயசு உனக்கு!" என்று சொல்லி, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பூக்கடைக்காரர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, அந்த மாலையை அவர் கையிலேயே கொடுத்தார். எல்லாரும் கலைந்து போனார்கள். கீழே மில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவர் போகவில்லை. சிவந்திருந்த சல்மாவின் கண்ணைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த பிரம்புப் பெட்டியைப் பார்த்தார். "உனக்கு ஏன் தொண்டை கட்டியிருக்கு?" என்று கேட்டார்.

"மிளகா நெடி" என்றேன்.

குனிந்து அந்தப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். போயிற்று, வீடு போயிற்று, குழாய் போயிற்று என்று நினைத்தேன்.

"அழுதது யாருன்னு தெரியல. ராவுல புருசன் முகம் பாக்காமப் போனியேன்னு அழுதா" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். பிறகு, "சனிக்கிழமைக்கு அந்த வெள்ளைச் சட்டைய எடுத்து வை" என்றார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இன்று வரை நான் கேட்கவில்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டோம்.

புது வீட்டில் வேறொரு தொல்லை வந்தது. எட்டாவது மாடியில் ஒரு சத்தம் கிடையாது. மில் இல்லை, மணி இல்லை, ரேடியோ இல்லை. அவர் படுத்தால் நாலு மணி வரை ஒரே அடியாகத் தூங்கினார். எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமே வரல பூவு" என்றார். ஒரு வாரம், இரண்டு வாரம். கனவு வடிவேலு முகம் வாடிப்போயிற்று. எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. கனவு எல்லாருக்கும் வரும் போலிருக்கிறது. முழுசாகத் தூங்குகிறவர்கள் அதை விழுங்கிவிடுகிறோம், பாதியில் தட்டி எழுப்பப்படுகிறவர்களுக்குத்தான் வாயில் ருசி நிற்கிறது.

அதனால் நானே அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டோ, மீன் ஆய்ந்துகொண்டோ அவர் பக்கத்தில் உட்காருவேன். இமைக்குள் கண் ஓட ஆரம்பித்ததும் மெதுவாகப் பேசுவேன். கடல் என்பேன், மழை என்பேன், பினாங்குக்குப் போகலாம் என்பேன். விழித்திருக்கும்போது வாய் கூசுகிற பேச்சும் பேசுவேன். அப்புறம் எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறப்பேன். தண்ணீர் சத்தத்தில் அவர் விழித்துக்கொள்வார்.

"பூவு, கடல் பாத்தேன். நீயும் இருந்த" என்று சிரித்துக்கொண்டே வருவார். இப்போது குழாயிடம் அவர் எதுவும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்கிறார். நானும் புதுசாகக் கேட்கிற மாதிரி, "அப்படியா?" என்பேன். எல்லாம் என் வார்த்தைதான், எனக்குத் தெரியாதா?

போன வாரம் எனக்கு நல்ல ஜுரம். ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் அவர் பாயிலேயே ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டேன். குழாயைத் திறக்கவும் ஆள் இல்லை. நாலு மணிக்கு அவர் என் நெற்றியில் கை வைத்தபோதுதான் விழித்தேன்.

"இன்னிக்கு ஒண்ணும் வந்திருக்காதே" என்றேன்.

"வந்துச்சே. ராத்திரி. நீ தூங்கிட்டு இருக்க. நான் வேலைக்குப் போகல. பக்கத்துல உக்காந்து உன் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன். ஏதேதோ பேசுறேன், உனக்குக் கேக்கணும்னு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் அவர் காதில் சொல்லவே இல்லை.